உன் குறட்டைக்கு நானே சாட்சி

என் உருண்டை,

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் இங்கே சௌக்கியம் என்று எழுதித்தான் எப்போதும் தொடங்குவேன், உன் சௌக்கியத்துக்கு உடனே பதில் போடு என்று முடிப்பேன். இந்தத் தடவை முன்பாதி பொய், பின்பாதி உன்னால் ஆகாது. இரண்டையும் எழுதினதாக வைத்துக்கொண்டு மேலே படி.

செத்தவனுக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா என்று கேட்பாய். நீ ஜெயிலில் இருந்த காலமெல்லாம் வாராவாரம் எழுதிப் பழகின கை, ஞாயிற்றுக்கிழமை வந்தால் தானாகப் பேனாவைத் தேடுகிறது, நான் என்ன செய்ய? "அழுது எழுதாதம்மா, இங்கே அழுகைக்குப் பஞ்சமே இல்லை, சிரிக்கிற மாதிரி எழுது, நான் சத்தமா வாசிச்சுக் காட்டுறேன், எல்லாரும் கேட்கிறாங்க" என்று நீ சொன்ன நாளிலிருந்து, மாடிவீட்டுக்காரியோடு தண்ணீர்க் குழாய்க்காக நான் போட்ட சண்டையை அப்படியே தொடராக எழுதினேன் அல்லவா, நம் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிற ஜெயில் அதிகாரி உன் பதிலின் ஓரத்தில் பென்சிலால் "பிறகு அந்தக் குழாய் என்ன ஆயிற்று?" என்று எழுதி அனுப்பியிருந்தார். குழாய் இன்னும் ஒழுகுகிறது என்று அவருக்கு யார் சொல்வது? இந்தக் கடிதத்தை நடுவில் யாரும் பிரித்துப் படிக்கப் போவதில்லை. அது ஒன்றுதான் இதில் இருக்கிற வசதி.

விஷயம் உன் வழக்குதான். நீ வேலை பார்த்த டயர் கிடங்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எரிந்து போனது, பூட்டின கிடங்குக்குள் இருந்த காவல்காரர் உயிரோடு வெளியே வரவில்லை, முந்தின வாரம்தான் நீ முதலாளியோடு மல்லுக்கு நின்று "கொளுத்திடுவேன்" என்று எல்லாரும் கேட்கக் கத்தியிருந்தாய். இதெல்லாம் போலீஸ் சொன்னது, முதலாளி சொன்னது, அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் சொன்னது. எனக்குத் தெரிந்தது வேறே. அந்த மத்தியானம் நீ உன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினாய். நான் வெளியே கூடத்தில் உட்கார்ந்து, நான் துடைத்துப் பெருக்குகிற பல் ஆஸ்பத்திரியின் மேலங்கிகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். உன் குறட்டை கதவைத் தாண்டி வந்து என் கையிலிருந்த ஊசியை ஆட்டியது. இழுத்து இழுத்து, நடுவில் ஒரு நிறுத்தம், பிறகு ஒரு கர்ர். உன் அப்பாவுக்கும் அதே குறட்டைதான், சொத்தாக அவர் விட்டுப்போனது அது மட்டும்தான். எந்தக் கோர்ட்டிலும் எந்தக் கூண்டிலும் ஏறி இதைச் சொல்லத் தயாராக இருந்தேன்.

ஆனால் கூண்டைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. வழக்கு நடந்த நாளெல்லாம் நான் கோர்ட்டு அறைக்கு வெளியே தாழ்வாரத்து பெஞ்சில்தான் கிடந்தேன். சாட்சி சொல்லப் போகிறவர்கள் மற்ற சாட்சிகள் பேசுவதைக் கேட்கக் கூடாதாம், கேட்டால் அதற்குத் தகுந்த மாதிரி மாற்றிச் சொல்லிவிடுவார்களாம். அதனால் வேலைவெட்டி இல்லாதவனெல்லாம் உள்ளே போய் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து என் பிள்ளை வழக்கை வேடிக்கை பார்த்தான், பெற்றவள் மட்டும் சாத்தின கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தாள். அவளும் சாட்சிதானாம். எவ்வளவு நேரம்தான் இரண்டு பேரும் சுவரையே பார்ப்பது?

"உங்களுக்கு உள்ளே யாரு?" என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

"என் பையன். உங்களுக்கு?"

"எங்க வீட்டுக்காரர்."

"அடப் பாவமே, அவர் என்ன பண்ணினார்?"

"அவர் ஒண்ணும் பண்ணலைங்க. கிடங்குல காவலுக்கு இருந்தார்."

எழுந்து வேறு இடம் போகலாம் என்றால் தாழ்வாரத்தில் பெஞ்சு அது ஒன்றுதான். நடுவில் என் பையை வைத்தேன். அவள் ஓரத்தில் பாதி உட்கார்ந்தும் உட்காராமலும் தவிக்கிறதைப் பார்த்து, சரி போகட்டும் என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவளை உள்ளே கூப்பிட்டார்கள். போய் வந்தாள். என்னைக் கூப்பிடவில்லை. கடைசியில் நம் வக்கீல், அதுதான் உன் 'வைப்பர்', நிமிஷத்துக்கு ஒரு தரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார் என்று நீ பேர் வைத்தாயே அவர், வெளியே வந்து, "உங்களைக் கூப்பிடத் தேவையில்லைம்மா, நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார். தேவையே இல்லாத அளவுக்கு நம் பக்கம் வலுவாக இருக்கிறது போல என்று நினைத்து அவர் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன் உருண்டை. அவர் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு தீர்ப்பு வந்தது.

அப்பீல் போட்டார். அப்பீல் வரிசையில் நிற்கும்போதே உனக்கு நெஞ்சில் சளி கட்டி, ஜெயில் ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் காலியாகிறதற்குள் நீயே காலியாகிவிட்டாய். ஒரு பையைக் கொடுத்தார்கள். சட்டை, துண்டு, என் கடிதங்கள். கடிதங்களெல்லாம் பல கை பட்டு மடிப்பில் நைந்து போயிருந்தன. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது, துண்டைப் பார்த்து இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு வைப்பர் வீட்டுக்கே வந்தார். "ஆள் போயிட்டாலும் அப்பீலை விட்டுடணும்னு இல்லைம்மா. நெருங்கின சொந்தம் ஒரு மனு போட்டு, நாங்க நடத்தறோம்னு கேட்கலாம். ஜெயிச்சா தம்பி பேர்ல இருக்கிற குற்றம் போயிடும். யோசிச்சுச் சொல்லுங்க, ரொம்ப நாள் டயம் கிடையாது" என்றார். நீ குற்றவாளியாகவே செத்தாயா, சும்மா செத்தாயா என்பது இனிமேல் என் கையெழுத்தில் இருக்கிறது என்று புரிந்தது. எனக்குக் கையெழுத்து ஒன்றுதான் ஒழுங்காக வரும்.

இரண்டு மூன்று நாள் போயிருக்கும், வைப்பரிடமிருந்து போனில் நீல எழுத்தில் ஒரு வரி, அதற்குக் கீழே "முக்கியமான வாதம், உடனே சேரவும்" என்று வந்தது. இப்போதெல்லாம் கோர்ட்டே போனில் நடக்கிறது என்று ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற பெண் சொல்லியிருந்தாள். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அப்பீல் வந்துவிட்டது! அவசர அவசரமாகத் தலை வாரி, கோர்ட்டுத் தாழ்வாரத்துக்குக் கட்டிப் போன அதே நல்ல துணியை எடுத்துக் கட்டிக்கொண்டு, போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து நீல எழுத்தை அழுத்தினேன். போன் டிங் என்று சத்தம் போட்டது, ஜட்ஜு வந்துவிட்டார் என்று எழுந்து நின்றேன். வந்தது ஒரு ரோஜாப்பூ, கீழே 'இனிய காலை வணக்கம்'. கோர்ட்டு எவ்வளவு மரியாதையாக மாறிவிட்டது என்று நானும் கும்பிடுகிற கை படத்தை அனுப்பினேன். மறுபடி டிங். எழுந்து நின்றேன். ஆவி பறக்கிற காப்பிக் கோப்பை. மறுபடி டிங். யாருக்கோ பிறந்த நாள், கேக்கு, பலூன். உட்காருவதும் எழுந்திருப்பதுமாக முழங்கால் விட்டுப்போனதுதான் மிச்சம், வேலைக்கும் நேரமாகிவிட்டது, அப்படியே நல்ல துணியோடு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தரை துடைத்தேன்.

டோக்கன் பொண்ணு போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அக்கா, இது கோர்ட்டு இல்லை. கிரிமினல் கேசு நடத்துற வக்கீலுங்க எல்லாம் சேர்ந்து எப்படிக் கேசு நடத்தணும், எது நியாயம், எது அநியாயம்னு அடிச்சுக்கிற குரூப்பு. உங்க வக்கீல் வேற யாருக்கோ அனுப்ப வேண்டியதை உங்களுக்கு அனுப்பிட்டார். யாரும் பார்க்கிறதுக்குள்ள வெளியே வந்துடுங்க." சரி என்று வெளியேறுகிற இடத்தில் விரலைக் கொண்டு போனேன். அப்போதுதான் வைப்பர் எழுதினது வந்து விழுந்தது. எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன்.

"நண்பர்களே, ஒரு தீ வழக்கு. கட்சிக்காரரிடம் நடந்ததைக் கேட்டேன். சொன்னார். அதன் பிறகு அவருடைய தாய் வந்து, மகன் வீட்டில்தான் தூங்கினான் என்று சாட்சி சொல்லத் தயார் என்றார். நான் அவரைக் கூண்டில் ஏற்றவில்லை. தண்டனை ஆகிவிட்டது. நான் செய்தது சரியா?"

விரலை எடுத்துக்கொண்டேன்.

அங்கே இருக்கிறவர்கள் யாருக்கும் எனக்குப் பேர் தெரியாது, படத்தை வைத்துத்தான் கணக்கு. சிங்கத்தின் மூஞ்சியைப் படமாக வைத்திருக்கிறவர் சிங்கம். சூரியகாந்திப் பூ வைத்திருக்கிறவள் சூரியகாந்தி. எழுதவே மாட்டேன் என்று எல்லாவற்றையும் குரலிலேயே பேசி அனுப்பி, இடையிடையே இருமுகிறவர் பெரியவர். என் போனில் டோக்கன் பொண்ணு என்றைக்கோ போட்டுவைத்த ஆஸ்பத்திரிப் படம்தான் இருந்தது, ஒரு பல், அதற்கு இரண்டு கண், ஒரு சிரிப்பு. அதைப் பார்த்து அவர்கள் நான் பல் அடையாளம் பார்க்கிற பெரிய நிபுணர் என்று முடிவே பண்ணிவிட்டார்கள். வந்த அன்றே ஒருத்தர், "பல் மேடம், தோளில் இருக்கிற கடிகாயத்தை வைத்து ஆளைச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததை எழுதினேன்: தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர்களுக்கு டாக்டர் ஒரு உறை கொடுப்பார், சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், சுடுதண்ணீர் கூடாது. அதற்கு ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள், மேடத்துக்கு என்ன நக்கல் என்றார்கள். அதிலிருந்து நான் எதுவும் எழுதவில்லை, யார் எது சொன்னாலும் ஒரு கும்பிடு. அந்தக் கும்பிடை இரண்டு கட்சியும் தங்களுக்கு என்றே எடுத்துக்கொண்டன.

வாதம் என்றால் என்ன வாதம் தெரியுமா? நம் ஆஸ்பத்திரியில் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தவன் ஒரு வார்த்தை பேச முடியாது. இவர்கள் வாயை மூடவே இல்லை.

"கேட்டதே முதல் தப்பு" என்றார் சிங்கம். "நீ செஞ்சியா, எங்கே இருந்தேன்னு கட்சிக்காரன்கிட்ட கேட்கவே கூடாது. அவன் வாயைத் திறந்தா நம்ம வாய் அடைஞ்சுடும். போலீஸ்காரன்கிட்ட என்ன இருக்கு, அதை மட்டும் பாரு. நான் யாரையும் கேட்டதில்லை, நிம்மதியாத் தூங்கறேன்."

"கண்ணைக் கட்டிக்கிட்டு வண்டி ஓட்டறது நிம்மதியாத்தான் இருக்கும் சார், இடிக்கிற வரைக்கும்" என்றாள் சூரியகாந்தி. "கேட்காம எப்படிக் குறுக்கு விசாரணை பண்ணுவீங்க? உண்மை தெரிஞ்சாத்தானே எந்தக் கேள்வி நம்ம தலைமேலேயே வந்து விழும்னு தெரியும்?"

"கேட்டார் இல்லை? இப்ப ஒரு அம்மாவை வெளியே உட்கார வெச்சுட்டு வந்தார் இல்லை? அந்தச் சாட்சி ஏறியிருந்தா கேசே திரும்பியிருக்கும்!"

"பொய்ச் சாட்சின்னு தெரிஞ்சு ஏத்தச் சொல்றீங்களா?"

அந்த இடத்தில் எனக்கு வந்ததே கோபம். பொய்ச் சாட்சியா? குறட்டையைக் காதால் கேட்டவள் நான். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று மருந்து அறைக்குள் போய் நின்று, எதை எழுதுவது என்று தெரியாமல் போனைக் கையிலேயே வைத்து அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன், அது அவ்வளவு நேரமும் பதிவு பண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. பக்கத்து அறையில் டாக்டர், "இன்னும் கொஞ்சம் பெருசாத் திறங்க... அவ்வளவுதான்... இப்ப கொஞ்சம் வலிக்கும்... வலிக்குதா? சொல்லாதீங்க, கையை மட்டும் தூக்குங்க" என்று சொன்னதும், பல்லைக் குடைகிற மிஷின் சத்தமும், யாரோ ஊஊ என்றதும் அப்படியே போய்விட்டது. நான் செத்தேன் என்று நினைத்தேன். பெரியவர் கேட்டுவிட்டு, "சபாஷ் மேடம்! குறுக்கு விசாரணையைப் பத்தி இதைவிட நல்லா யாரும் சொன்னதில்லை" என்று இருமினார். வைப்பர்கூட ஒரு சிரிப்பு போட்டிருந்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன், அதுவும் மஞ்சள் உருண்டையாக.

ஆனால் சூரியகாந்தி விடவில்லை. அவள்தான் வைப்பரைப் பார்த்து நேராகக் கேட்டாள்: "அந்தப் பையன் உங்ககிட்ட என்ன சொன்னான்? அதைச் சொல்லாம எங்களைக் கருத்துக் கேட்டா எப்படி?"

"அதைச் சொல்ல முடியாதே."

"சொல்லாமலே சொல்லிட்டீங்களே" என்றார் சிங்கம்.

"இல்லை சார்" என்றாள் அவள். "வீட்ல இல்லைன்னு மட்டும் சொல்லியிருக்கலாம். எந்தப் பொண்ணைப் பார்க்கப் போனானோ, எங்கே சீட்டாடப் போனானோ. வீட்ல இல்லாதவன் எல்லாம் தீ வெச்சவனா?"

அவளுக்கு ஒரு கும்பிடு போட்டேன். போட்ட பிறகுதான், வீட்டில் இல்லை என்பதற்கும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டேனே என்று உறைத்தது.

இனிமேல் போனைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை, ஆளையே கேட்டுவிடலாம் என்று வைப்பர் ஆபீசுக்குப் போனேன். உனக்கு அந்த இடம் தெரியாது. அச்சுக்கடைக்கு மேலே ஒரு அறை, படியெல்லாம் மை வாசனை, கட்டுக் கட்டாகக் காகிதம், உட்காருகிற நாற்காலியிலும் காகிதம், அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டுத்தான் என்னை உட்காரச் சொன்னார். என் நம்பரை அவர் பேர் போட்டு வைக்கவில்லை போல, நான் அந்தக் குரூப்பில் இருக்கிறது அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

"என் பிள்ளை உங்ககிட்ட என்ன சொன்னான் வக்கீலய்யா?"

கண்ணாடியைக் கழற்றினார். "சொல்லக் கூடாதும்மா. கட்சிக்காரர் வக்கீல்கிட்ட சொன்னது அவங்க ரெண்டு பேருக்கு மட்டும்."

"அவன்தான் போயிட்டானே. கோவிச்சுக்கவா போறான்?"

"போனாலும் அதே கதைதாம்மா. செத்தா வெளியே வந்துடும்னு தெரிஞ்சா, யாரும் எங்ககிட்ட வாயைத் திறக்க மாட்டாங்க."

"நான் பெத்தவ."

"தெரியும்மா. அதான் எனக்கும் தூக்கம் வரலை. எங்க ஆளுங்ககிட்டயும் கேட்டுட்டிருக்கேன், என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம்." துடைத்தார், துடைத்தார், கண்ணாடி தேய்ந்தே போயிருக்கும். "நீங்க தம்பியைக் கேட்டதே இல்லையாம்மா?"

"ஜெயில்ல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், நடுவுல போலீஸ்காரர் நின்னுட்டு என் வாயையே பார்ப்பார். எழுதிக் கேட்டா அதைப் பிரிச்சுப் படிக்க ஒருத்தர். எப்படிக் கேட்கிறது?"

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி எதுக்குக் கேட்கணும்? அவன் உள்ளே தூங்கினான். நான் வெளியே இருந்தேன்."

அவர் மனுவை எடுத்து என் முன்னால் வைத்தார். "இதுல கையெழுத்துப் போடுங்க, அப்பீலை நான் நடத்தறேன். ஆனா உங்களைக் கூண்டுல ஏத்தணும்னு கேட்கிறதா இருந்தா, அதுக்கு வேற வக்கீல் பார்த்துக்குங்கம்மா. என்னால முடியாது." மனுவை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு மை வாசனையோடு இறங்கி வந்தேன்.

அன்றைக்கே அவர் குரூப்பில் போட்டார். கட்சிக்காரர் இறந்துவிட்டார், அவர் என்னிடம் சொன்னதைத் தாய் கேட்கிறார், சொல்லலாமா, கூடாதா? கீழே இரண்டு இடம், ஆளாளுக்கு ஒன்றை அழுத்த வேண்டும். "நெறிமுறையை ஓட்டுப் போட்டா முடிவு பண்றது? பிக்னிக் எங்கே போறதுன்னு கேட்கிற மாதிரி இருக்கு" என்று சூரியகாந்தி திட்டிவிட்டு 'சொல்லலாம்' என்று அழுத்தினாள். அழுகிற தாய்க்கு இல்லாத சட்டம் என்ன சட்டம் என்றாள். சிங்கம் கர்ஜித்துவிட்டு 'கூடாது'. "ஒருத்தர் அம்மாவுக்காகத் திறந்தா, நாளைக்கு ஒருத்தர் பொண்டாட்டிக்காகத் திறப்பீங்க, அப்புறம் பத்திரிகைக்காரன் வருவான்" என்றார். பெரியவர் ரொம்ப நேரம் இருமினார், எதை அழுத்தினார் என்று யாருக்கும் புரியவில்லை. மறுநாள் முழுக்க ஒரு பக்கம் ஏறும், இன்னொரு பக்கம் ஏறும். நான் நாற்காலி நாற்காலியாகத் துடைத்துக்கொண்டே போய்ப் போய்ப் பார்த்தேன். இவ்வளவு வருஷமாக என் பிள்ளையைப் பற்றி இத்தனை பேர் யோசித்ததே இல்லை. சாயங்காலம் பார்த்தால் இரண்டும் சரிசமம். "பல் மேடம் இன்னும் ஓட்டுப் போடலை!" என்று யாரோ கண்டுபிடித்துச் சொல்ல, எல்லாரும் "மேடம், மேடம்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். தாழ்வாரத்தில் கூப்பிடாத ஆளை இப்போது கூப்பிட்டார்கள் உருண்டை.

அன்று காலையில்தான் மனசைத் தைரியப்படுத்திக்கொண்டு உன் அறையைத் திறந்து பெருக்கி, உன் தலையணையை வெயிலில் போட்டுவிட்டு வந்திருந்தேன், அதனால் ஏற்கெனவே படபடப்பாக இருந்தது. கையெல்லாம் சோப்புத் தண்ணீர். 'சொல்லலாம்' மேலே, 'கூடாது' கீழே. ஈரக் கை வழுக்கிக் கீழே போய்விட்டது. மாற்றிப் போடலாம் என்று டோக்கன் பொண்ணு பிறகு சொன்னாள், எனக்கு அப்போது அது தெரியாது. "மேடம் தீர்ப்புச் சொல்லிட்டாங்க!" என்று சிங்கம் கைதட்டினார். சூரியகாந்தி, "உங்களை நான் வேற மாதிரி நினைச்சிருந்தேன் மேடம்" என்று தனியாக எழுதினாள். அவளுக்கும் ஒரு கும்பிடு அனுப்பிவிட்டுக் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டேன்.

மறுநாள் வைப்பர் போன் பண்ணினார். "மன்னிச்சுக்கோங்கம்மா. கூடாதுன்னுதான் முடிவாச்சு. ஒரே ஒரு ஓட்டுதான் வித்தியாசம்." பரவாயில்லை என்றேன். அந்த ஒரு ஓட்டுக்கு நான்தான் காரணம் என்று அவருக்குச் சொன்னால் கண்ணாடியைத் துடைத்தே உடைத்துவிடுவார். என் கை தவறினதுக்கு நீ என்ன செய்வாய், அவர் என்ன செய்வார்.

போகட்டும். அவர் சொன்னால்தான் எனக்குத் தெரியுமா? எனக்குத்தான் முதலிலிருந்தே தெரியுமே. சிங்கத்தின் ஆபீஸ் எங்கே என்று, அவர் நம்பரை வைத்து டோக்கன் பொண்ணு மூலம் விசாரித்து வைத்திருக்கிறேன். நாளைக்கு மனுவை எடுத்துக்கொண்டு அவரிடம் போகிறேன். அவர் யாரிடமும் எதையும் கேட்க மாட்டார், நிம்மதியாகத் தூங்குகிறவர். அவர் என்னைக் கூண்டில் ஏற்றுவார். நான் ஏறி நின்று, கேட்டது கேட்டபடி, இழுப்பு, நிறுத்தம், கர்ர் எல்லாம் ஜட்ஜுக்கு முன்னால் அப்படியே செய்து காட்டுவேன். உன் பேரைக் கழுவிவிட்டுத்தான் நான் கண்ணை மூடுவேன். நீ எதைப் பற்றியும் கவலைப்படாதே. உன்னோடு உள்ளே இருந்து, என் கடிதங்களைக் கேட்டுச் சிரித்தவர்கள் எல்லாரும் நல்லபடியாக வீடு வந்து சேரட்டும். அந்தப் பென்சில் அதிகாரி நன்றாக இருக்கட்டும். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளும் நன்றாக இருக்கட்டும், அவளுக்கு அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீ இருக்கிற இடத்தில் குளிர் இல்லாமல் இருக்கட்டும். நெஞ்சை மூடிப் படு.

இப்படிக்கு,
உன் அம்மா

பின்குறிப்பு: உறையில் போட்ட கடிதத்தை மறுபடி எடுத்து இதை எழுதுகிறேன். மேலே கை வழுக்கிவிட்டது என்று எழுதியிருக்கிறேன். வழுக்கவில்லை. கையை நன்றாகத் துடைத்துக்கொண்டுதான் அழுத்தினேன். மாற்றிப் போடவும் எனக்குத் தெரியும், டோக்கன் பொண்ணு முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தாள். அன்று காலை உன் அறையைப் பெருக்கும்போது புழுக்கமாக இருந்ததென்று விசிறியைப் போட்டேன். எண்ணெய் விடணும், எண்ணெய் விடணும் என்று சொல்லிக்கொண்டே இருந்து நீ விடாமலே போன அதே விசிறி. போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கூடத்துக்கு வந்து பொத்தான் தைக்க உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து உன் குறட்டை கேட்டது. இழுத்து இழுத்து, நடுவில் ஒரு நிறுத்தம், பிறகு ஒரு கர்ர். ஊசி ஆடியது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். கட்டில் காலி, மேலே விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சிங்கத்திடம் நாளைக்குப் போகிறேனா என்று தெரியவில்லை. மனு மேஜைமேல்தான் இருக்கிறது. வக்கீல் வாயால் கேட்டுவிட்டால், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் முகத்தை எங்கே பார்த்தாலும் நான் ஏதாவது சொல்லியாக வேண்டும், அதனால்தான் 'கூடாது' என்று அழுத்தினேன். இந்தக் கடிதத்தை நடுவில் யாரும் பிரிக்கப் போவதில்லை. கண்ணாடி இல்லை, போலீஸ்காரர் இல்லை, நீயும் நானும் மட்டும்தான். அதனால் கேட்கிறேன். கோவிச்சுக்காம சொல்லு உருண்டை, அன்னைக்கு மத்தியானம் நீ உள்ளேதானே படுத்திருந்தே?